வாஷிங்டன் என்ற பெயருள்ளவர்கள் எல்லாம் ஜார்ஜ் வாஷிங்டனோடு தொடர்புடையவர்களா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். சிகாகோவில் உங்களோடு வேலை பார்க்கும் கறுப்பின நண்பர் ஒருவருக்கு வாஷிங்டன் என்பது குடும்பப் பெயர். அமெரிக்காவில் இந்தப் பெயர் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பினத்தவர்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இவர்கள் எல்லோரும் ஜார்ஜ் வாஷிங்டன் வைத்திருந்த அடிமைகளின் வாரிசுகளா என்று கேட்கிறீர்கள். கூடவே, இந்தப் பெயருக்குத் துணி வெளுக்கும் தொழிலோடு ஏதாவது சம்பந்தம் உண்டா என்றும் ஒரு சந்தேகம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் வம்சமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா?

நான் வர்ஜீனியாவில் ஒரு பொது நூலகத்தின் வம்சாவளிப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். கொள்ளுத் தாத்தாவைத் தேடி வருபவர்களுக்குப் பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுப்பதுதான் தொழில் என்பதால், அமெரிக்கப் பக்கத்துச் செய்திகளைக் கொஞ்சம் உறுதியாகவே சொல்ல முடியும். பழைய ஆங்கில மொழியியல் என் துறை இல்லை. அந்தப் பகுதியில் ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். நண்பர் சொன்ன கணக்கு சரி. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,63,036 பேர் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரோடு இருந்தார்கள். அவர்களில் சுமார் 90 சதவீதம் கறுப்பினத்தவர். ஜெஃபர்சன் என்ற பெயரில் இது 75 சதவீதம், ஜாக்சனில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். அமெரிக்காவில் பரவலாக உள்ள குடும்பப் பெயர்களில் இந்த அளவுக்குக் கறுப்பினத்தவரிடம் மட்டுமே தங்கிவிட்ட பெயர் வேறு கிடையாது. ஆனால் அவர்கள் எல்லோரும் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகளின் வாரிசுகள் என்பது சரியில்லை. பெரும்பாலானவர்களுக்கு அவருடைய பண்ணையோடு எந்தத் தொடர்பும் இல்லை. துணி வெளுப்பதற்கும் இந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் வடகிழக்கில், வியர் ஆற்றங்கரையில், டர்ஹாம் பகுதியில் வாஷிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1960-களில் அதைச் சுற்றி ஒரு புதுநகரம் எழுப்பினார்கள். ஆனால் பழைய கிராமமும் தேவாலயமும் மேட்டில் அப்படியே இருக்கின்றன. பெயரின் கடைசித் துண்டான 'டன்', பழைய ஆங்கிலத்தில் வேலி போட்ட இடத்தைக் குறித்து, பிறகு பண்ணை, கிராமம் என்று விரிந்த சொல். நம் ஊர்ப்பெயர்களில் 'ஊர்' வருவது போல இங்கிலாந்து முழுக்க ஊர்ப்பெயர்களின் வாலில் இது இருக்கும். நடுவில் உள்ள 'இங்' இன்னாரைச் சேர்ந்தது என்று காட்டும். முதல் துண்டு ஒரு ஆளின் பெயர். வாஸ்ஸா என்றோ ஹ்வாஸ்ஸா என்றோ ஓர் ஆங்கிலோ-சாக்ஸன் நிலக்காரர். அவர் யார், எப்போது வாழ்ந்தார் என்பதற்கு அந்த ஊர்ப்பெயரைத் தவிர வேறு தடயம் இல்லை. முதல் துண்டில் எந்த வடிவம் சரி என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆள் பெயர் என்பதில் மட்டும் பெரிதாகச் சச்சரவு இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தெற்கே சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் இருக்கிறது. அதுவும் இதே மாதிரி உருவான பெயர், ஆனால் தனி ஊர். டர்பிஷயரில் வெஸ்ஸிங்டன் என்று ஒன்று உண்டு. கேட்டால் ஒன்று போலவே இருக்கும், ஆனால் அது விக்ஸ்டன் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு "உங்கள் குடும்பச் சின்னம்" என்று அச்சடித்துத் தரும் தளங்கள் இவை மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகின்றன. ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பம் வந்தது டர்ஹாம் வாஷிங்டனிலிருந்துதான்.

அதற்கான ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. 1086-இல் இங்கிலாந்து முழுக்க நிலக்கணக்கு எடுத்தபோது டர்ஹாமை விட்டுவிட்டார்கள். அங்கே பிஷப்பே கிட்டத்தட்ட அரசர் மாதிரி. அந்தக் குறையைத் தீர்ப்பதுபோல 1183-இல் பிஷப் ஹியூ டு பூயிசே தன் நிலங்களுக்கு ஒரு கணக்கு எழுதவைத்தார். போல்டன் புத்தகம் என்று அதற்குப் பெயர். அதில் ஒரு பதிவு: வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர், தன்னிடமிருந்த ஹெர்ட்பர்ன் ஊருக்குப் பதிலாக வெஸ்ஸிங்டனை (டர்பிஷயர் ஊர் இல்லை, டர்ஹாம் வாஷிங்டனின் அன்றைய எழுத்துக்கூட்டல்) வாங்கிக்கொண்டிருக்கிறார். தேவாலயமும் அதன் நிலமும் அதில் சேராது. அவர் 4 பவுண்டு கட்ட வேண்டும். பிஷப் பெருவேட்டைக்குக் கிளம்பும்போது நான்கு வேட்டை நாய்களோடு கூடப் போக வேண்டும். அவ்வளவுதான் பதிவு. ஒரு நிலப் பரிமாற்றமும் குத்தகை நிபந்தனையும்.

அப்போதைய நார்மன் நிலக்காரர்களுக்கு இன்று நாம் நினைக்கும் அர்த்தத்தில் குடும்பப் பெயர் கிடையாது. 'டி' என்றால் 'இன்ன ஊர்க்காரர்' என்று அர்த்தம், அவ்வளவுதான். நிலம் மாறினால் பெயரும் மாறும். ஹெர்ட்பர்ன் வில்லியம் வெஸ்ஸிங்டன் வில்லியம் ஆனது அப்படித்தான். அவருக்குப் பின் வந்தவர்கள் வேறு ஊர்களுக்குப் போன பிறகும் அந்தப் பெயரைக் கழற்றவில்லை. 12-ஆம் நூற்றாண்டிலிருந்து 14-ஆம் நூற்றாண்டுக்குள் இங்கிலாந்தில் பெரும்பாலான பெயர்கள் இப்படித்தான் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டன. முதலில் நிலக்காரர்களுக்கு, பிறகு நகரத்து வணிகர்களுக்கு, கடைசியில் உழவர்களுக்கு. வடக்கே இன்னும் தாமதம். ஆக, வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரை முதலில் வைத்துக்கொண்டவரே அதைப் பிறப்பால் பெறவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

வில்லியமுக்கு முன்னால் யார் என்பது சந்தேகப் பகுதி. ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் ரத்தம் என்று ஒரு வாதம் உண்டு. சிலர் அதைக் கௌரவமாகவே ஏற்கிறார்கள். 1879-இல் நியூயார்க்கில் வெளியான ஒரு வம்சாவளி நூல் இன்னும் பல படி மேலே போய், வாஷிங்டன் குடும்பத்தை நார்டிக் கடவுள் ஓடினிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது. இந்த மாதிரிப் புத்தகங்கள் இப்போதும் யார் வீட்டுப் பரணிலிருந்தாவது என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. தோல் அட்டை, தங்க எழுத்து எல்லாம் பிரமாதமாக இருக்கும்.

வில்லியமுக்குப் பிந்தைய கதை தெளிவு. 1416 முதல் 1446 வரை டர்ஹாம் பேராலயத்து மடத்தின் தலைவராக இருந்தவர் ஜான் வெஸ்ஸிங்டன். டர்ஹாமில் நேரடிக் கிளை 1400-ஐ ஒட்டி ஆண் வாரிசு இல்லாமல் முடிந்து, நிலம் மகள் வழியாக வேறு குடும்பத்துக்குப் போனது. ஒரு கிளை மேற்கே வெஸ்ட்மோர்லாண்ட், லங்காஷயர் என்று நகர்ந்தது. அங்கே வார்ட்டன் கிராமத் தேவாலயத்தில் இந்தக் குடும்பத்தின் சின்னம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கிளையைச் சேர்ந்த லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வியாபாரத்தில் இறங்கி, நார்தாம்ப்டன் நகர மேயராக இரண்டு முறை இருந்தார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளை விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் என்ற ஊரின் நிலத்தை 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸ் கொடுத்து வாங்கினார். அங்கே அவர் கட்டிய வீடு இன்றும் காட்சியகமாக இருக்கிறது. வாசல் முகப்பில் குடும்பச் சின்னம்: இரண்டு பட்டைகள், அவற்றுக்கு மேல் மூன்று நட்சத்திரங்கள். வாஷிங்டன் டி.சி. நகரத்தின் கொடி இந்தச் சின்னத்திலிருந்து எடுத்ததுதான், அதில் சந்தேகமே இல்லை. 1938-இல் முறைப்படி ஏற்றார்கள். ஆனால் அமெரிக்கத் தேசியக் கொடியின் நட்சத்திரங்களும் பட்டைகளும் இதிலிருந்துதான் வந்தன என்று சல்கிரேவுக்குப் போய்வந்தவர்கள் சொல்வதற்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் கிடையாது.

அந்த லாரன்ஸின் வழியில் வந்த இன்னொரு லாரன்ஸ், எசெக்ஸில் பர்லி என்ற ஊரின் பாதிரியார். உள்நாட்டுப் போரின்போது 1643-இல் பாராளுமன்றத் தரப்பு அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. சொன்ன காரணம், அவர் எப்போதும் மதுக்கடையிலேயே கிடக்கிறார் என்பது. அரசர் பக்கம் நின்ற பாதிரியார்கள் பலர் மீதும் இந்த மாதிரிக் குற்றச்சாட்டுகள் விழுந்த காலம் அது, அதனால் எவ்வளவு உண்மை என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே படிக்க வேண்டும். எப்படியோ, குடும்பம் நொடித்தது. மகன் ஜான், லண்டனிலிருந்து புகையிலை ஏற்றப் போன கப்பலில் துணை அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார். 1657 தொடக்கத்தில் அந்தக் கப்பல் வர்ஜீனியாவில் போட்டோமாக் ஆற்றில் சரக்கோடு தரைதட்டி மூழ்கியது. ஜான் அங்கேயே தங்கிவிட்டார். உள்ளூர் நிலக்காரர் ஒருவரின் மகளை மணந்து, மாமனார் கொடுத்த 700 ஏக்கரோடு குடியமர்ந்தார். அந்த ஜானின் கொள்ளுப் பேரன்தான் ஜார்ஜ் வாஷிங்டன்.

ஜார்ஜுக்கு இதில் எல்லாம் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் அதிபராக இருந்தபோது லண்டனிலிருந்து குடும்பச் சின்னங்களின் தலைமை அதிகாரி ஐசக் ஹியர்ட் கடிதம் எழுதி அவருடைய முன்னோர் யார் என்று கேட்டார். 1792-இல் ஜார்ஜ் எழுதிய பதிலில், இந்த விஷயத்தில் நான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை, இங்கிலாந்தின் வடக்குப் பகுதி என்று கேள்விப்பட்டிருக்கிறேன், லங்காஷயரா யார்க்ஷயரா இன்னும் வடக்கா என்று சரியாக நினைவில்லை என்கிற மாதிரி எழுதினார். ஹியர்ட் தன் ஆய்வில் தவறான ஜானைப் பிடித்துக்கொண்டார். பர்லிப் பாதிரியாரின் மகன்தான் சரியான ஜான் என்று ஹென்றி வாட்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் உயில்களைத் தோண்டி 1889-இல் நிறுவினார். நூறு வருடம் உலகமே தவறான தாத்தாவை நம்பிக்கொண்டிருந்தது.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே அவர் வழியில் வாஷிங்டன் என்ற பெயர் யாருக்கும் போகவில்லை, வெள்ளையருக்கும் இல்லை. இன்றிருக்கும் வெள்ளை வாஷிங்டன்களில் பலர் அவருடைய சகோதரர்களின் வழி, அல்லது அதே குடும்பத்தின் தூரத்துக் கிளைகள்.

அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் அவர் இறந்த 1799-இல் அடிமைகளாக 317 பேர் இருந்தார்கள். எல்லோரும் அவருடைய உடைமை இல்லை. 123 பேர் அவருக்குச் சொந்தம். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்தின் பங்கு, அவர்களை விடுவிக்கும் உரிமை இருவருக்குமே கிடையாது. மீதிப் பேரில் ஏறக்குறைய எல்லோரும் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள். தன் 123 பேருக்கும் மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று ஜார்ஜ் உயில் எழுதினார். மார்த்தா அதுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-ஆம் தேதியே விடுவித்தார். இந்த 123 பேரின் வழியில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாஷிங்டன்கள் வந்திருக்க முடியுமா என்று எண்ணிக்கையை வைத்து யோசிப்பதைவிட, அவர்கள் என்ன பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று பார்ப்பது உபயோகமானது.

1799-இல் ஜார்ஜ் தன் கையாலேயே எழுதிய அடிமைகள் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலும் ஒற்றைப் பெயர்கள். ஆனால் பண்ணையின் ஆவணங்களில் அங்கங்கே இரட்டைப் பெயர்கள் தலைகாட்டுகின்றன: டேவி கிரே, டாம் டேவிஸ், வில்லியம் லீ. இந்த வில்லியம் லீயைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1768-இல் மேரி லீ என்ற விதவையிடமிருந்து ஜார்ஜ் அவரை விலைக்கு வாங்கினார். அமெரிக்கா ஆங்கிலேயரிடமிருந்து பிரிய நடத்திய புரட்சிப் போர் முழுக்க ஜார்ஜின் குதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரையில் போனவர் இவர். எல்லோருக்கும் முன்பாக, உடனடியாக விடுதலை என்று உயிலில் எழுதப்பட்ட ஒரே ஆள். ஆண்டுக்கு 30 டாலர் உதவித்தொகையும் உண்டு. அந்த உயிலில் அவரைக் குறிப்பிடும் இடத்தில் ஜார்ஜ் எழுதிய வார்த்தைகள், 'வில்லியம் (தன்னை வில்லியம் லீ என்று அழைத்துக்கொள்பவன்)'. முப்பது வருடம் கூடவே இருந்தும் அவர் வாஷிங்டன் ஆகவில்லை. சிறு வயதில் தான் இருந்த வீட்டின் பெயரை விடாமல் வைத்திருந்தார், எசமானருக்கும் அது தெரிந்திருந்தது, அதை அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

வில்லியம் லீ விதிவிலக்கு இல்லை. அடிமைகளுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, 1865-இல் விடுதலையானதும் அன்றைய எசமானர் பெயரை ஒட்டிக்கொண்டார்கள் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்வது பாதிதான் உண்மை. பலருக்கு அதற்கு முன்பே தங்களுக்குள் புழங்கும் குடும்பப் பெயர் இருந்தது. தென் கரோலினாப் பக்கம் அதை 'என்டைட்டில்' என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது கடைசி எசமானரின் பெயராக இருக்காது. தாத்தாவோ பாட்டியோ முதலில் இருந்த பண்ணையின் பெயர், விற்கப்பட்டுப் பிரிந்துபோன அப்பாவின் பெயர், இப்படி. உறவுகள் சிதறினாலும் ஒருவரை ஒருவர் அடையாளம் காண உதவும் என்பதால் பிடித்துவைத்துக்கொண்டார்கள். எசமானர்கள் அதை எழுதிவைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

மவுண்ட் வெர்னானிலிருந்து வாஷிங்டன் என்ற பெயரோடு வெளியே வந்தவர் என்று ஆவணத்தோடு காட்டக்கூடிய சிலரில் ஒருவர் ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் காம்பியா பகுதியில் பிறந்தவர், 1763-இல் ஜார்ஜ் விலைக்கு வாங்கினார். புரட்சிப் போர் தொடங்கியதும், எசமானரை விட்டு வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று ஆங்கிலேயர் அறிவித்தார்கள். ஹாரி 1776-இல் ஓடிப்போய் அவர்கள் பக்கம் சேர்ந்தார். தோற்ற ஆங்கிலேயர் 1783-இல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பும்போது கப்பலில் ஏறிய கறுப்பினத்தவரை ஒரு பேரேட்டில் எழுதினார்கள். அதில் 43 வயது ஹாரி வாஷிங்டன் என்று இருக்கிறது. நோவா ஸ்கோஷியா போய், அங்கிருந்து 1792-இல் சியரா லியோன் போனார். 1800-இல் அங்கே ஆட்சி செய்த கம்பெனியின் நிலவரியை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில் சேர்ந்து நாடுகடத்தப்பட்டார். ஒரு வாஷிங்டன் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து நாட்டின் தலைவரானார். அவரிடமிருந்து தப்பிய இன்னொரு வாஷிங்டன் ஆங்கிலேயரின் கம்பெனியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து விரட்டப்பட்டார்.

நேரடியாக எசமானர் வழியாகப் பெயர் வந்த இடங்களும் உண்டு, ஆனால் அந்த எசமானர் ஜார்ஜ் இல்லை. இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் டென்னசி மாநிலத்தின் ராபர்ட்சன் கவுண்டி. ஜார்ஜின் தூரத்து உறவினர் ஜோசப் வாஷிங்டன் 1796-இல் அங்கே ஒரு புகையிலைப் பண்ணை தொடங்கினார். பண்ணைக்கு அவர் குடும்பம் வைத்த பெயர் வெஸ்ஸிங்டன், அப்படியே டர்ஹாமின் பழைய எழுத்துக்கூட்டலில். 1860-இல் அது அமெரிக்காவின் மிகப்பெரிய புகையிலைப் பண்ணைகளில் ஒன்று, 274 பேர் அங்கே அடிமைகள். விடுதலைக்குப் பிறகும் பலர் அந்த வட்டாரத்திலேயே தங்கினார்கள், வாஷிங்டன் என்ற பெயரையும் வைத்துக்கொண்டார்கள். பண்ணையின் கணக்குகள் மாநில ஆவணக் காப்பகத்தில் பெருமளவில் பிழைத்திருப்பதால் அந்தக் குடும்பங்களால் பல தலைமுறை பின்னோக்கிப் போக முடிகிறது. இது அபூர்வமான அதிர்ஷ்டம்.

ஜார்ஜுக்குப் பிறகு மவுண்ட் வெர்னானைப் பெற்ற அவருடைய தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டன் உச்ச நீதிமன்ற நீதிபதி. அவர் 1821-இல் தன் அடிமைகளில் 54 பேரை லூயிசியானாவுக்கு விற்றார். ஒரு குடும்பத்தின் பெயர் ஆயிரம் மைல் தாண்டித் தெற்கே முளைக்க இப்படியும் ஒரு வழி.

இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒன்றரை லட்சம் வராது. மீதி எங்கிருந்து? இங்கேதான் வாஷிங்டன் முதற்பெயராகவும் இருந்தது என்பதைச் சேர்க்க வேண்டும். புரட்சிக்குப் பிறகு நாடெங்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். 1783-இல் நியூயார்க்கில் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் அப்படிப் பெயர் பெற்றவர். வெள்ளையர் மட்டுமா, அடிமைக் குடும்பங்களிலும் அதே வழக்கம் இருந்தது. அப்பாவின் முதற்பெயர் அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராவது ஆங்கிலேயரிடமும் பழைய வழிதான், ஜான்சனும் வில்லியம்சும் அப்படி வந்தவைதான். தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வாஷிங்டன், லிங்கன், வெலிங்டன் என்று முதற்பெயர் வைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரின் பெயருக்கு அமெரிக்காவோடு நேரடியாகச் சம்பந்தமே இல்லை. சிறுவயதில் தனக்குப் பள்ளிக் கட்டணமும் சீருடையும் வாங்கிக் கொடுத்துத் தாங்கிய, வாஷிங்டன் என்ற பெயருடைய முன்னாள் ராணுவ வீரரின் நினைவாக அப்பா வைத்த பெயர் அது. காரணத்தை அப்பா வெளிப்படையாகச் சொன்னதால் நமக்குத் தெரிகிறது. சொல்லாமல் போயிருந்தால் நூறு வருடம் கழித்து யாராவது ஜார்ஜ் வாஷிங்டனில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டிருப்பார்கள்.

கறுப்பின அமெரிக்கர்களில் அப்படிக் காரணம் சொல்லிவிட்டுப் போனவர் புக்கர் டி. வாஷிங்டன், பிற்காலத்தில் டஸ்கீகி கல்வி நிலையத்தைக் கட்டி எழுப்பியவர். வர்ஜீனியாவில் அடிமைக் குடும்பத்தில் 1856-இல் பிறந்த அவருக்கு, விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவில் முதன்முறையாகப் பள்ளிக்குப் போன நாள்வரை புக்கர் என்ற ஒற்றைப் பெயர்தான். ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு, சிலர் மூன்று பெயர்கள் சொல்வதைக் கேட்டுப் பதறிப்போனார். தன் முறை வருவதற்குள் ஒன்றை யோசித்து, வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரோடு இருந்தவர்போல அமைதியாக "புக்கர் வாஷிங்டன்" என்று சொன்னாராம். தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அவருடைய மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்கூசன். எளிதில் வாயில் வந்தது அந்த முதற்பெயராக இருக்கலாம், முதல் அதிபரின் பெயர் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். அவரே அதைப் பிரித்துச் சொல்லவில்லை.

மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் இந்தப் பெயரை எடுத்தார்கள் என்பதில்தான் நான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டியிருக்கிறது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், இது நாட்டின் தந்தையின் பெயர், அதை எடுப்பது நானும் இந்நாட்டுக் குடிமகன் என்று சொல்வதற்குச் சமம் என்பது. கடைசியில் தன் அடிமைகளை விடுவித்தவர் என்ற மரியாதையும் காரணம் என்பார்கள். இரண்டும் நம்பத்தக்கவைதான். ஆனால் விடுதலையானவர்களிடம் போய் யாரும் உட்கார்ந்து காரணம் கேட்டு எழுதவில்லை, இவை பின்னால் வந்தவர்கள் செய்த அனுமானம். எனக்கு இதைவிட எளிமையான ஒரு காரணத்தின் மேல் சாய்வு உண்டு: 1865-இல் சுமார் 40 லட்சம் பேர் விடுதலையானபோது வாஷிங்டன் என்பது ஏற்கெனவே கறுப்பினக் குடும்பங்களில் முதற்பெயராகவும் குடும்பப் பெயராகவும் நன்றாகப் புழங்கிய பெயர். 1841-இல் கிரியோல் என்ற அடிமைக் கப்பலைக் கைப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த பஹாமாஸ் தீவுகளின் நாசோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கிளர்ச்சித் தலைவனின் பெயர் மேடிசன் வாஷிங்டன். அடிமைகளை வைத்திருந்த இரண்டு வர்ஜீனிய அதிபர்களின் பெயர், அடிமைத்தளையை உடைத்த ஒருவனிடம். அவன் காலத்தில் விடுதலைச் சட்டத்துக்கு இன்னும் 24 வருடம் பாக்கி.

சதவீதம் 90 வரை ஏறியதற்குக் காரணம் மறுபக்கத்திலும் இருக்கிறது. ஸ்மித், ஜான்சன் போன்ற பெயர்களைக் கறுப்பினத்தவரும் லட்சக்கணக்கில் வைத்திருக்கிறார்கள், ஆனால் வெள்ளையரில் அதைவிடப் பல மடங்கு பேர் இருப்பதால் சதவீதம் தெரியாது. தொழிலிலிருந்தோ அப்பா பெயரிலிருந்தோ வந்த பெயர்கள் இங்கிலாந்தின் ஒவ்வொரு கிராமத்திலும் தனித்தனியாக முளைத்தவை. வாஷிங்டன் அப்படி இல்லை, ஒரு சிறிய ஊரிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களோடு வெளியே வந்தது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய வெள்ளை வாஷிங்டன்களே கொஞ்சம்தான். பெயர் சிறிது, புகழ் பெரிது.

உங்கள் நண்பர் தன் குடும்பத்தைத் தேட விரும்பினால் வழி இருக்கிறது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் படிவம். முதல் கட்டத்தில் உரிமையாளர் பெயர், அப்புறம் வயது, ஆணா பெண்ணா, நிறம், தப்பியோடியவரா. அடிமையின் பெயரை எழுதக் கட்டமே இல்லை. விடுதலையானவர்கள் எல்லோரும் பெயரோடு வரும் முதல் கணக்கெடுப்பு 1870. ஆகவே முதல் வேலை, வீட்டின் மூத்தவர்களிடம் கேட்டுக் குடும்பம் தெற்கே எந்தக் கவுண்டியிலிருந்து வந்தது என்று பிடிப்பது. சிகாகோவின் பழைய கறுப்பினக் குடும்பங்களில் நிறையப் பேர் மிசிசிப்பி, லூயிசியானா பக்கமிருந்து வந்தவர்கள். இப்போது பார்வைக்குத் திறந்திருக்கும் கடைசிக் கணக்கெடுப்பு 1950-உடையது. அதிலிருந்து பத்துப் பத்து வருடமாகப் பின்னால் போக வேண்டும். 1890 தீயில் பெரும்பாலும் போய்விட்டது, அந்த இருபது வருட இடைவெளியில்தான் பலர் தடம் தவறுவார்கள்.

1870-இல் ஆள் கிடைத்துவிட்டால், அதே பக்கத்திலும் முன்பின் பக்கங்களிலும் உள்ள வெள்ளை நிலக்காரர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எசமானர் வாஷிங்டனாக இருப்பார் என்று மட்டும் முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். எங்களிடம் வருபவர்கள் நேரத்தை வீணாக்குவது பெரும்பாலும் அங்கேதான். பக்கத்து நிலக்காரர்களின் உயில்கள், சொத்துப் பட்டியல்கள், விடுதலையானவர்களுக்காக 1865 முதல் 1874 வரை நடந்த சேமிப்பு வங்கியின் விண்ணப்பப் படிவங்கள், இந்த வரிசையில் பார்க்கலாம். அந்த வங்கிப் படிவங்களில் சிலவற்றில் முன்னாள் எசமானரின் பெயர், பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள் வரை எழுதியிருக்கும். 1870-இல் எந்த மாநிலம், எந்தக் கவுண்டி என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். அந்த இடத்துக்கு எந்தப் பதிவேடுகள் பிழைத்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.